சம்பந்தி உட்கார்ந்த கம்பளம்

திண்டுக்கல்,
விகாரி வருடம், ஆனி மாதம்.

நத்தத்தில் புளி வியாபாரமும் நிறைந்த குடும்பமுமாக விளங்கும் என் பெரிய மச்சான் தங்கமுத்து அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் நல்லுசாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கச்சி சிவனம்மாள், மகள் பொன்னழகு மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உடம்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. அங்கே அக்காவின் மூட்டுவலி தேவலையா என்று உங்கள் தங்கச்சி கேட்கச் சொன்னாள். தேவலை என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

மச்சான், பொன்னழகைத் தன் பையனுக்குப் பேசிப் பூ வைக்க ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டி உடையப்பன் வருகிறார், பெரிய இடம், வெறும் பாயில் உட்கார வைக்கக் கூடாது என்று உங்களிடம் ஒரு கம்பளம் இரவல் வாங்கி வந்தேனே, கொடைக்கானலில் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது ஏலத்தில் எடுத்தீர்களே, அந்தச் சிவப்புக் கம்பளம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் எனக்குத்தான். அதில் துரை வளர்த்த நாயின் வாடை இன்னும் இருக்கிறது என்று உங்கள் தங்கச்சி மூக்கைப் பிடித்தாள். "எங்க அண்ணன் வீட்டுச் சாமான்ல நாத்தம் வராது, நீங்க தூக்கிட்டு வந்ததுல வந்திருக்கும்" என்றும் அவளே சொன்னாள். சரி என்று பூந்திக்கொட்டை ஊறவைத்து, கிணற்றடியில் போட்டு மிதித்து அலசி, மாடியில் காயப்போட்டோம். வாடை போய்விட்டது. காய்ந்ததைக் கீழே விரித்தால் தேமல் விழுந்த முதுகு மாதிரி இருக்கிறது, ஒரு இடம் வெளுப்பு, ஒரு இடம் கறுப்பு. சாயம் போய்விட்டது என்று இவள் தலையில் கை வைத்துவிட்டாள். நான் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து வெளுத்த இடமெல்லாம் கறுப்பு, கறுத்த இடமெல்லாம் வெளுப்பு. "ஏ சிவனம்மா, இங்கிட்டு வந்து நில்லு, இங்கருந்து பாத்தா நீயே செவப்பாத் தெரியிற" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கையால் தடவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சாயம் எங்கேயும் போகவில்லை. அதன் மயிர் பூனை முதுகு மாதிரி, வாட்டத்துக்குத் தடவினால் வெளுப்பு, எதிர்த்துத் தடவினால் கறுப்பு. மிதித்த மிதியில் அது திசைக்கொன்றாகப் படுத்துவிட்டது. ஆளுக்கொரு விளக்குமாற்றை எடுத்தோம். நான் வாசலைப் பார்த்துச் சீவ, இவள் அடுப்படியைப் பார்த்துச் சீவ, உழுத காடு மாதிரி ஆயிற்று. கடைசியில் பொன்னழகுதான் வந்து, "ரெண்டு பேரும் செத்த நேரம் தள்ளி நில்லுங்க" என்று ஒரே வாட்டமாகச் சீவி முடித்தாள். பட்டு மாதிரி கிடந்தது.

வந்தார்கள். கம்பளத்தில் உடையப்பன் ஒருவரை மட்டும் உட்கார வைத்தோம், மற்றவர்களுக்குப் பாய். ஆள் நல்ல பாரம். பூத்தட்டை எடுத்துக் கொடுக்க எழப் போனவர், உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, கையை ஊன்றி எழுந்தார். எழுந்த இடம் வட்டமாக, கருகருவென்று, நனைந்த மாதிரி. கூடத்தில் எல்லார் கண்ணும் அந்த வட்டத்தில்தான். அந்த நேரத்தில் கம்பளத்தின் குணத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய என் வாய், மச்சான், "என்ன சம்பந்தி, அவசரம்னா முன்னாடியே சொல்லக் கூடாதா, கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல" என்றது.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சம்சாரமே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது. அவர் வேட்டியைப் பின்னால் தொட்டுப் பார்த்தார், அதையும் எல்லோரும் பார்த்தார்கள். "ஏனுங்க, சம்பந்தம் பேச வந்தவனைப் பேசற பேச்சுங்களா இது, போலாம் வாங்க" என்று பூத்தட்டோடு கிளம்பிவிட்டார். நான் தெருவரை ஓடி, "ஒண்ணுமில்லைங்க, எல்லாம் மயிருங்க, வெறும் மயிருங்க" என்று விளக்கம் சொன்னேன். அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

 பையனைப் பொன்னழகுக்குப் பிடித்திருந்தது என்பதே உங்கள் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். சோறும் வெஞ்சனமும் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறாள். வேடிக்கையாக என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்கிறது. இந்த வயதில் என் பேச்சு எனக்கே பிடிக்காமல் போய்விட்டது, மச்சான். நீங்கள் நிதானமாகப் பேசுகிறவர். ஒட்டன்சத்திரம் போய் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, கம்பளத்தைத் தடவிக் காட்டி, என் பிள்ளை வாழ்க்கையை மீட்டுக் கொடுங்கள். பேசும்போது மயிர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உரோமம் என்று சொல்லுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. குலதெய்வம் உங்களுக்கு நல்ல வாக்கைக் கொடுக்கட்டும், எனக்கு இருப்பதில் பாதியை எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட மைத்துனன்
நல்லுசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் லாரி வந்து நின்றது. உடையப்பன் தனியாக இறங்கினார். என்னைப் பேச விடவில்லை. வேட்டி நனையவே இல்லை, அப்புறம் அந்தக் கறுப்பு எப்படி வந்தது என்று வீட்டில் போய் யோசித்தாராம். "கம்பளத்தை விரிங்க. உக்காருங்க. அப்படியே பின்னால நவுந்து எந்திரிங்க" என்றார். என் இடமும் வட்டமாகக் கறுப்பு. குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்கும் அவசரமுங்களா" என்று ஆரம்பித்தவர், பொன்னழகு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் வரை சிரித்தார். அங்கே பையனும் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். ஆவணியில் முகூர்த்தம். சீர் ஒன்றும் வேண்டாமாம், கம்பளம் மட்டும் போதுமாம். அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் மண்டியில் அவர் இடத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்கிறானாம், கேட்டால் இல்லை என்கிறானாம். இதைச் சீவி விரித்துவிட்டுப் போனால் தடம் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா. லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆகையால் மேலே எழுதியதை நம்பி யாரிடமும் போய் நிற்காதீர்கள். உங்கள் கம்பளத்தைப் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் மண்டிக்குப் போங்கள். நின்றபடியே பார்த்துவிட்டு வாருங்கள் மச்சான், உட்கார வேண்டாம்.