துரை பங்களாத் தோட்டத்தில் வைத்த வேண்டுதல்

முருகன் துணை
பழனி

அன்புள்ள ஈஸ்வரன் அண்ணனுக்கு, தங்கை புவனா வணங்கி எழுதுவது. தண்டாயுதபாணி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என்னைத் தவிர. அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் சரண்யா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன், பிற்பாடு ஆளுக்கொன்று பேசுவார்கள். நம் பக்கம் நான், உங்கள் மாப்பிள்ளை, மகள் சரண்யா. நீங்கள் பார்த்துச் சொன்ன பையன் வெங்கடேஷ், அவன் அம்மா சீனியம்மாள். ஆக ஐந்து பேர். வாட்ச்மேன் மயில்சாமி கடைசியில்தான் வந்தார், வந்ததுதான் வினை.

வீட்டில் பெண் பார்த்தால் ஊர் பேசும், எதேச்சையாகச் சந்தித்த மாதிரி இருக்கட்டும் என்று, அட்டுவம்பட்டிப் பக்கம் சீசனுக்கு மட்டும் திறந்துவிடும் அந்தப் பழைய துரை பங்களாத் தோட்டத்தைச் சொன்னது நீங்கள்தானே? டேலியா ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம் அண்ணா. இத்தனை பூத்தும் ஒன்றுகூடச் சாமிக்குப் போகவில்லையே என்று எனக்கு மனசு கெடந்து அடித்துக்கொண்டது. பறிக்கக்கூடாது என்று போர்டு வேறு. உதிர்ந்ததை மடியில் பொறுக்கிக்கொண்டே போனால், பைன் மரத்தடியில் முழ உயரத்துக்கு ஒரு கல், பாசி பிடித்துக் கேட்பாரில்லாமல் நிற்கிறது. முன்னால் அபிஷேகத்துக்கு என்று கல்தொட்டி வேறு. பாட்டில் தண்ணீரை விட்டுக் கழுவினேன், இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. நானாகப் படித்த படிப்பில் எனக்கு வருவது தமிழ் மட்டும்தானே? நம் கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் என்று பேர் போட்டிருக்கிறார்கள், இது யாரோ வெள்ளைக்காரர் உபயம் என்று நினைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் ஏற்றிவிட்டேன்.

சீனியம்மாள் சும்மா இருப்பார்களா? "என்ன சாமிங்க மதினி இது?" என்றார்கள். "காவல் தெய்வம் மாதிரி தெரியுதுங்க" என்றேன். உடனே செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று வந்து, "இந்தச் சம்பந்தம் கூடி வரட்டும், மொதப் பத்திரிகை ஒனக்குத்தான்" என்று உருகி நின்றார்கள். பின்னால் திருப்பூர் வேன்காரர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். சின்னஞ்சிறுசு இரண்டும் குளத்துப் பக்கம் பேசப் போயிருந்ததால் அந்த எழுத்தைப் படித்துச் சொல்லவும் ஆளில்லை.

அவர்கள் கார் ஏறிப் போன பிறகு மயில்சாமி ஓடி வருகிறார். "ஏம்மா, என்ன சோலி பாத்து வச்சிருக்கீங்க! தொரை வளத்த நாயப் பொதச்ச எடம்ங்க இது!"

"அப்ப அந்தத் தொட்டி?"

"அது தண்ணி குடிச்ச தொட்டிங்க."

உங்கள் மாப்பிள்ளை புல்லிலேயே உட்கார்ந்து சிரிக்கிறார். "அடியே, மொட்டை கிட்டை போடுறேன்னு வேண்டாம இருந்தியே, அது வரைக்கும் தப்பிச்சோம்" என்கிறார். அவருக்கு மொட்டை போடுவதாகத்தான் நான் வேண்டியிருந்தேன். இன்னும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கற்பூரத்தைக் கணக்கு நோட்டில் கோயில் செலவில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன், இப்போது எந்தச் செலவில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அது போகட்டும். நாய்ச் சமாதியைச் சுற்ற வைத்தவள் வீட்டில் பெண் எடுப்பார்களா? வந்த இடத்தையெல்லாம் தட்டிக் கழித்த பிள்ளை, இப்போது போனைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறது. ஆனாலும் மறைத்துப் பெண் கொடுக்க எனக்கு மனசில்லை. நீங்களே பக்குவமாக அவர்களிடம் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் எல்லாரையும் அந்த மலைமேல் இருப்பவன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கை புவனா

பி.கு.: உறையை ஒட்டப் போகிறேன், சீனியம்மாள் போன். "மதினி, அது பேசுற சாமிங்க! கும்பிட்டு வெளிய வாறோம், எங்கருந்தோ ஒரு நாயி வாலாட்டிக்கிட்டே கார் வரைக்கும் கூட வந்துச்சு. பைரவரே உத்தரவு குடுத்துட்டாரு, எங்களுக்குச் சம்மதம்ங்க" என்கிறார்கள். சந்தோஷம்ங்க மதினி என்று போனை வைத்துவிட்டேன். மேலே எழுதியதில் ஒரு வரிகூட அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் அண்ணா. முதல் பத்திரிகையோடு அந்தக் கல்லுக்கே வருகிறார்களாம். மயில்சாமியிடம் யார் பேசுவது? வெரசாகப் பதில் போடுங்கள்.