பதினோரு பெயருள்ள மூன்றாவது மாடிக்காரர்

தாம்பரத்தில் ஆரம்பித்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், எங்கள் ஹேக்கர் சாரைப் போலத் தன்னைத் தானே ஒளித்து வைத்துக்கொண்ட இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டால், அந்த ஆள் சரியாக ஒளியவில்லை என்று அர்த்தம்.

முடிச்சூரில் நான் வாட்ச்மேனாக இருக்கும் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார். போன மாதம் காலி செய்துவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரிக்கு வாரப்பத்திரிகை படிக்கும் பழக்கம் இல்லை என்பது இன்னொரு தைரியம்.

உண்மையில் அவர் ஹேக்கர் இல்லை. ஹேக்கர்கள் இன்டர்நெட்டில் எப்படி ஆள் அடையாளம் தெரியாமல் மறைகிறார்கள் என்று ஆராய்ந்து கம்பெனிகளுக்குச் சொல்லும் வேலை. அவர்களைப் படித்துப் படித்து அந்த வியாதி இவருக்கும் ஒட்டிக்கொண்டது.

கேட்டில் ஒரு டெலிவரிக்காரர் வந்து நிற்பார். "அண்ணா, செபாஸ்டியன் எந்த வூடு?"

"மூணாவது மாடி."

அவர் இறங்குவதற்குள் அடுத்தவர். "முருகேசன்?"

"மூணாவது மாடி."

"கல்யாணராமன்?"

"அதுவும் அங்கதான்."

"இன்னாண்ணா, ஒரே வூட்ல இத்தினி பேரா? மேன்ஷனா நடத்துறாங்க?"

சாரிடமே கேட்டேன். "காய்கறிக்கு செபாஸ்டியன், மருந்துக்கு முருகேசன், புத்தகத்துக்குக் கல்யாணராமன். நாளைக்கு ஒருத்தன் போன் பண்ணி, 'முருகேசன் சார், லோன் வேணுமா'ன்னு கேட்டா, என் நம்பரை வித்தது யாருன்னு தெரிஞ்சுடும் பாருங்க" என்றார். மொத்தம் பதினோரு பெயர். அத்தனையையும் மனப்பாடம் செய்தவன் நான். நிஜப் பெயர் தெரிந்த வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார்.

லேப்டாப் கேமராமேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பார். கேட்டில் இருக்கும் கேமராவைத் தாண்ட ஹெல்மெட் போட்டுக்கொள்வார். அவரிடம் வண்டி கிடையாது. பால் வாங்கப் போனாலும் ஹெல்மெட்டோடு நடந்துதான் போவார். செக்ரட்டரி பதிவுகளைப் பார்க்கும்போது மற்ற யார் முகமும் அவருக்குப் பிடிபடாது. ஹெல்மெட்டைப் பார்த்ததும், "இது தேர்ட் ஃப்ளோர்" என்பார்.

ஒரு நாள் கேட் ஓரம் இருக்கும் என் வாட்ச்மேன் கூண்டில் டீ குடித்தபடி பாடம் எடுத்தார். "பொழிச்சலூர்ல ஒருத்தருக்கு லெட்டர் போடணும்னு வெச்சுக்கோங்க. ஒரு கவருக்குள்ள ஒரு கவர், அதுக்குள்ள இன்னொண்ணு. முதல் ஆள் மேல் கவரைப் பிரிச்சு அடுத்த ஆள்கிட்ட தருவார். அவர் அடுத்ததைப் பிரிப்பார். நடுவுல இருக்கற ஒருத்தருக்கும் யார் போட்டது, யாருக்குப் போகுதுன்னு முழுசாத் தெரியாது. ஹேக்கர் இப்படித்தான் நாடு நாடா சுத்தி வருவான்."

புரிந்தது. புரிந்ததால்தான் வயிறு எரிந்தது. நானும் பிறந்ததிலிருந்து மறைந்துதான் வாழ்கிறேன். கல்யாண போட்டோவில் பின் வரிசை. கூட்டத்தில் தூண் ஓரம். கூச்சம். ஆனால் என்னைப் பார்த்து, "அடேங்கப்பா, எப்படி மறையறான்!" என்று ஒருவராவது சொன்னதுண்டா? அவர் மறைந்தால் ஊரே பேசுகிறது. நான் மறைந்தால் மறைந்ததே தெரியவில்லை.

அதே கட்டடத்தில் மாடிப்படி பெருக்கும் என் மனைவி செல்வி எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றுவாள். "அந்த சாருக்கு இன்னா மூளை தெரியுமா! பதினோரு பேரு வெச்சிகினு கீறாரு. உனக்கு கீறதே ஒரு பேரு. அத்தயும் எவனும் கூப்புடல."

உண்மைதான். சம்பளம் ஏஜென்சி மூலமாக வருகிறது. கட்டடத்துக்கு நான் வெறும் வாட்ச்மேன்.

ஐப்பசி மழையில் என் கூண்டின் தகரக் கூரை ஒழுக ஆரம்பித்தது. செக்ரட்டரியிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாள் உள்ளேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் காலை செக்ரட்டரியே கூண்டுக்குள் புகுந்தார்.

"வாட்ச்மேன், நம்ம பில்டிங்ல யாருய்யா கன்னியப்பன்?"

அவர் போனைப் பார்த்துப் படித்தார். "'கன்னியப்பன் தலைமேல் கூரை ஒழுகுகிறது. மூன்று நாளாகக் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார். சங்கத்துக்குக் கண் இல்லையா?' எவனோ 'நிழல்'னு பேர் வெச்சுக்கிட்டு ஃபாரின் நம்பர்லேர்ந்து நம்ம பில்டிங் குரூப்ல பூந்து போட்டிருக்கான். எல்லாரும் கை தட்டறாங்க! டாப் ஃப்ளோர் பூரா விசாரிச்சுட்டேன், அப்படி ஒரு ஆளே இல்லை. அந்தக் கன்னியப்பனைப் புடிச்சா எழுதுனவனைப் புடிச்சுடலாம். டெனன்ட்டா இருந்தா அன்னிக்கே காலி பண்ண வெச்சுடுவேன்."

கூரையிலிருந்து அவர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

கன்னியப்பன் நான்தான். கட்டடத்தில் செல்வியைத் தவிர அது தெரிந்தவர் ஒரே ஒருவர். மூன்றாவது மாடிக்குக் குடிவந்த அன்றே, "உங்க பேர் என்ன?" என்று கேட்டவர்.

ஒரு வார்த்தை போதும். ஹெல்மெட், மூளை, பதினோரு பெயர் எல்லாம் அன்று சாயந்திரமே வண்டி ஏறிவிடும். செல்வியின் வாயும் ஓயும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"தெரியாது சார்" என்றேன்.

"ஒரு கண்ணு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது மாடிக்கு ஓடினேன். "சார், என் பேரைப் போட்டுட்டீங்க!"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! மூணு நாடு சுத்தினேன், புது நம்பர் வாங்கினேன், நான் எழுதற மாதிரி தெரியக் கூடாதுன்னு தமிழையே மாத்தினேன். உங்க பேரை மாத்தத் தோணலியே! எல்லா ஹேக்கர் பயலும் இப்படித்தான் மாட்டறான். இருங்க, அழிச்சுடறேன்."

"வேணாம் சார். நான் வாயைத் தொறந்தாத்தானே மாட்டுவீங்க? அது அப்படியே இருக்கட்டும்."

போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். என் பெயர் இருந்த வரியை நான் இரண்டு தரம் படித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

அந்த வாரமே சங்கம் கூடி, மொட்டை மாடி முழுவதும் தண்ணீர் இறங்காமல் பூச்சு பூசியது. என் கூண்டுக்கு அவர் ஒரு தார்ப்பாய் வாங்கி வந்தார். கடையில் எந்தப் பெயர் கொடுத்தாரோ, நான் கேட்கவில்லை.

காலி செய்த அன்று, சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும் நேரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் காதருகே குனிந்து, தன் நிஜப் பெயரைச் சொன்னார். செல்வி தினமும் துளைத்து எடுக்கிறாள். அவளுக்குக்கூட நான் சொல்லவில்லை.