இரண்டு பத்துக்கு வருகிறவர்கள்

மதியம் சரியாக இரண்டு பத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே வந்தார்கள். தலையணை விளம்பரத்தை ஆளுக்கு ஒரு தட்டு தட்டினார்கள். நாற்பது விநாடி இருந்தார்கள். அப்புறம் மொத்தமாகப் போய்விட்டார்கள்.

புள்ளியக்கா திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக இதே கூத்துதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈ காக்கை கிடையாது.

செயலியின் பெயர் 'தூங்கியாச்சா'. ஒரு பெரிய சமூக வலைத்தளத்துக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிற குட்டிச் செயலி. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று காலையில் எழுதிப் போட வேண்டும். நண்பர்கள் அதைப் பார்த்து ஆறுதல் சொல்வார்கள், இல்லையென்றால் வயிறெரிவார்கள். செயலியை எழுதியவள் அவள்தான். யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று புள்ளிவிவரம் எடுப்பவளும் அவள்தான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பல் டாக்டர் ஒருவரின் மாடியில் ஓர் அறை, நான்கு நாற்காலி, ஒரு முதலாளி. கீழே யாருக்காவது பல் பிடுங்கினால் மேலே கேட்கும்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தலையணை விளம்பரம் தொடங்கிய மறுநாள் வந்து சேர்ந்தவர்கள். முதலாளி அதைத் தலையணையின் ராசி என்றார். ஆனால் அவர்களில் ஒருவர்கூட இதுவரை ஒரு நிமிடத் தூக்கத்தையும் எழுதிப் போடவில்லை. தூக்கத்துக்கான செயலிக்கு வந்து தூங்காமலே போகிற கூட்டத்தைப் புள்ளியக்கா இப்போதுதான் பார்க்கிறாள்.

திங்கட்கிழமை தலையணைக்காரரே போன் செய்தார். இத்தனை பேர் பார்த்தும் ஒரு தலையணைகூடக் கூடுதலாக விற்கவில்லையாம்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு நேர்ல வர்றேன். என் விளம்பரத்தைப் பார்க்கிறவங்க யாருன்னு அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லேன்னா விளம்பரத்தை எடுத்துடுங்க."

செயலியில் இருந்ததே அந்த ஒரு விளம்பரம்தான். அது போனால் எந்த நாற்காலி முதலில் காலியாகும் என்பதை முதலாளி மிக மரியாதையாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் புள்ளியக்காவின் நாற்காலி மேலேயே இருந்தது.

 பதினோரு மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்து, முப்பது இடத்தில் நேர்காணலுக்குப் போய் அவளுக்குக் கிடைத்த வேலை இது. இது போனால் வேறு கிடைக்கும் என்று புருஷன் ஆறுதலாகச் சொன்னான். அன்று முழுவதும் அவள் அவனிடம் பேசவில்லை.

முதலில் சமூக வலைத்தளத்துக்கே எழுதிக் கேட்டாள். அவர்கள் எண்ணிக்கையைத் தருவார்களே தவிர, ஆளைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். அவளுடைய கேள்வி தங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. மேலும் விவரத்துக்கு ஒரு பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் திறக்கவில்லை.

சரி, வருகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு கேள்வியை வைத்தாள். நீங்கள் யார்? மாணவர், வேலையில் இருப்பவர், வீட்டைக் கவனிப்பவர், ஓய்வு பெற்றவர் என்று நான்கு பதில்கள். இரண்டு பத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் 'மாணவர்' என்று தட்டினார்கள்.

முதலாளி துள்ளிக் குதித்தார். அவள் தடுப்பதற்குள் தலையணைக்காரருக்குப் போன் போட்டு, எல்லாரும் மாணவர்கள் என்று சொல்லிவிட்டார். தலையணைக்காரர் அன்று சாயங்காலமே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று தனித் தலையணை தைக்க உத்தரவு போட்டார்.

புள்ளியக்காவுக்கு மனது கேட்கவில்லை. முந்நூறு பேரும் ஒரே பதிலைத் தட்டுவார்களா? புதன்கிழமை பதில்களின் வரிசையை மாற்றி, 'ஓய்வு பெற்றவர்' என்பதை முதலில் வைத்தாள். ஒரே ராத்திரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு மாணவர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

"இதை நீ கேட்காமலே இருந்திருக்கலாம்," என்றார் முதலாளி. தலையணைக்காரரின் தொழிற்சாலையில் அதற்குள் பரீட்சைத் தலையணை நானூறு தைத்து முடிந்திருந்தது.

வியாழக்கிழமை அவள் பிடிவாதமாகிவிட்டாள். தட்டிவிட்டுத் தப்பிக்கிற வேலையெல்லாம் இனிமேல் நடக்காது. தன்னைப் பற்றி ஒரு வரி எழுதினால்தான் விளம்பரமே தெரியும் என்று மாற்றிவிட்டாள். இரண்டு பத்துக்குக் கூட்டம் வந்தது. முந்நூற்றுப் பதினொரு பேர் ஆளுக்கொரு முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஒருவர் மட்டும், "சீக்கிரம் விடுங்க, மணி அடிச்சிடும்" என்று எழுதியிருந்தார்.

அவள் அதை நான்கு தடவை படித்தாள். மணி அடிக்கிற இடம் என்றால் பள்ளிக்கூடம். அப்படியானால் மாணவர்கள்தானா? யோசித்து முடிப்பதற்குள், அத்தனை முற்றுப்புள்ளியையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாமல் செயலி படுத்துவிட்டது.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியவர் தலையணைக்காரரின் மச்சினர். தொழிற்சாலையின் மேனேஜர் அவர்தான். இந்த விளம்பரத்தை ஏற்பாடு செய்தவரும் அவர்தான். விளம்பரம் எங்கே போய்விட்டது என்று பதறினார். உடனே சரி செய்யாவிட்டால் நடப்பதே வேறு என்று சத்தம் போட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன் என்று முதலாளி வியந்தார். புள்ளியக்கா கேள்வியையெல்லாம் பிடுங்கிப் போட்டுச் செயலியைப் பழையபடி எழுப்பி உட்கார வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் தலையணைக்காரர் வந்தார். கூடவே மச்சினரையும் இழுத்து வந்திருந்தார். பின்னால் டிரைவர் இரண்டு கையிலும் பரீட்சைத் தலையணைகளைச் சுமந்துகொண்டு நின்றார்.

"சொல்லுங்க. யாரு அவங்க?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "மாணவர்கள்தான் சார். அதாவது, ஓய்வு பெற்ற மாணவர்கள்."

தலையணைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முதலாளி அவசரமாகச் சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். இன்னும் எட்டு நிமிடத்தில் அத்தனை பேரும் கண் முன்னாலேயே வரப்போகிறார்கள், ஐயாவே பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எல்லாரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கீழே யாருக்கோ பல் பிடுங்கினார்கள். மச்சினர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார்.

"உக்காரு மாப்ளே. நீ ஏற்பாடு பண்ணினதுதானே, நீயும் பாரு."

இரண்டு பத்து. திரையில் நான்கு பேர் இருந்தார்கள்.

இரண்டு பதினொன்று. அந்த நால்வரில் ஒருவர் போய்விட்டார்.

புள்ளியக்கா எழுந்து கணினிக்குப் போனாள். செயலி ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது. விளம்பரம் தெரிகிறதா என்று தன் போனில் பார்த்தாள். பளிச்சென்று தெரிந்தது. திரையை அணைத்துப் போட்டாள். மூன்று பேர் இரண்டு பேரானார்கள். 

"இந்தம்மாவுக்கு வேலையே தெரியல மாமா," என்று மச்சினர் சட்டென்று எழுந்தார். "நேத்தும் இப்படித்தான் கெடுத்து வச்சாங்க. வாங்க, நாம கிளம்பலாம்."

தலையணைக்காரர் அசையவில்லை. "ஏம்மா, மூணு வாரமா முந்நூறு பேரு முந்நூறு பேருன்னு காட்டினீங்களே. நான் வந்து உக்காந்தா ஒருத்தரையும் காணோம். நீங்களே உக்காந்து எழுதின கணக்கா அது?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போவதுகூடப் பரவாயில்லை, பொய்க்காரி என்ற பெயரோடு போவதுதான் தாங்கவில்லை.

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது சார். நிஜமாவே தெரியாது. கண்டுபிடிக்கணும்னு என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன். ஆனா தினமும் வந்தாங்க. அது மட்டும் பொய்யில்ல."

"இன்னிக்கு மட்டும் ஏன் வரல?"

 முதலாளி அவளுடைய நாற்காலியைப் பார்த்தார். தலையணைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். மச்சினர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

டிரைவர் மட்டும் இரண்டு தலையணையையும் அணைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். திரையையும் புள்ளியக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அந்தம்மாவைத் திட்டாதீங்க ஐயா. மேனேஜர் சாரை நீங்க இங்க கூட்டிட்டு வந்துட்டீங்க, சாப்பிட்டு முடிச்ச நம்ம ஃபேக்டரி ஆளுங்களை வரிசையில நிக்க வச்சு விளம்பரத்தைத் தட்டச் சொல்றதுக்கு இன்னிக்கு அங்க யாரு இருக்கா?"