பாறைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார்

வீட்டில் ஒருவனுக்கு மட்டும் போனை நோண்டத் தெரிந்திருந்தால், கல்யாண வேலையில் பாதி அவன் தலையில்தான் விழும். எங்கள் வீட்டில் அந்த மேதை நான்.

தங்கை செல்வியின் கல்யாணப் பத்திரிகையில் க்யூஆர் கோடு போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அதை ஸ்கேன் செய்தால் மேப் திறக்கும். திண்டுக்கல்லிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரை எங்கள் ஊர்க் கோயில் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். ("ஏலே, வழிய எழுதிப் போட்டா பத்தாதா?" என்றார் அப்பா. பாவம், பழைய காலத்து மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.)

வடகவுஞ்சிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குள் சிக்னல் கிடையாது. போன் பேச வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே, மலை ரோட்டுத் திருப்பத்திலுள்ள பாறைமேல் ஏற வேண்டும். நானும் ஏறினேன். 'தற்போதைய இடம்' என்பதை அழுத்திக் கோடு தயாரித்தேன். அங்கேயே நின்று ஸ்கேன் செய்து சரிபார்க்கவும் செய்தேன். 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. எனக்கு ஒரே பெருமை.

கல்யாணத்தன்று முகூர்த்தம் நெருங்கியும் மாப்பிள்ளை வீட்டாரைக் காணவில்லை. செல்வி அலங்காரத்தோடு உட்கார்ந்து கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வெரசா போயி போன் போட்டு எங்க வாராங்கன்னு கேளுலே" என்றாள். பைக்கை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பறந்தேன்.

போன் போட அவசியமே இருக்கவில்லை. பாறையடியில் இரண்டு வேன்கள் நின்றன. சீர்த்தட்டோடு பெண்கள், பட்டு வேட்டியில் குளிரில் நடுங்கியபடி மாப்பிள்ளை. ஊரே கோயிலில் இருந்ததால் வழி சொல்ல ஆளில்லை.

"போன் போட்டா ஒருத்தருக்கும் போகல. பொண்ணு வீட்டு ஆளு ஒருத்தரையும் காணோம். வண்டியத் திருப்புப்பா" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "நீங்க முன்னால போங்க மச்சான், நாங்க பின்னாலயே வாரோம். மேப்பு வேணாம்" என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறியது. கெட்டிமேளச் சத்தத்தில் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. (அப்பா பார்த்தாராம்.)

இன்றும் செல்வி சண்டைக்கு நின்றால் மாப்பிள்ளை பெருமூச்சு விடுவார். "ஒங்கண்ணன் காட்டுன எடத்துலயே தாலியக் கட்டியிருக்கணும். பாறை எதுத்துப் பேசாது."

"நீங்க தாலியோட வாரதப் பாத்திருந்தா பாறையே எந்திரிச்சு ஓடியிருக்கும்" என்பாள் செல்வி.