பெட்டிக்குப் பொன்னாடை

ஒரு காட்டில், கரண்ட் வந்து சேர்ந்த புதிதில், வேலப்பன் என்று ஒரு சேவல் இருந்தான். அவனுடைய பெட்டை பொட்டுக்காரி அடையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் இரை பொறுக்க அவள் இறங்கிய நேரம் பார்த்து, பருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கூடையில் ஏழு முட்டைகள் மிஞ்சின. வேலப்பன் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடு இருந்தது.

கோழிகள் வீட்டுக்கெல்லாம் ஓடினான். "எங்க கூடையிலேயே இடமில்லண்ணே" என்றார்கள். ஒருத்தி மட்டும், "நீதான் உட்காரேன்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

சேவல் அடை உட்காருவதாவது! எந்தக் காலத்திலோ ஒரு சேவல் மழைக்கு ஒதுங்கி அடைக்கூடைக்குள் நின்றதாம். அதன் பேரப்பிள்ளைகளை இன்றைக்கும் 'அடைச்சேவல் வீட்டுப் பிள்ளைகள்' என்றுதான் அந்தக் காட்டில் கூப்பிடுகிறார்கள்.

வழி சொன்னவன் காத்தமுத்து. ஊர்ப்பக்கம் போய் வரும் காக்கை, வியாபாரி. "இப்ப எல்லாத்துக்கும் மெஷின் வந்தாச்சுண்ணே. இன்குபேட்டர்னு பேரு" என்று ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், சூடு பார்க்கிற கண்ணாடிக் குச்சி ஒன்று. "முட்டையை வை, மூடியைப் போடு, அப்பப்ப புரட்டி விடு. மத்ததைப் பெட்டி பார்த்துக்கும். சும்மா சும்மா திறந்து மட்டும் பார்க்காதே, சூடு போயிடும்."

வேலப்பன் முட்டைகளை மாற்றினான். பொட்டுக்காரி கூடையில் இடிக்குப் பயந்து போட்டு வைத்திருந்த இரும்பு ஆணியையும் கரித்துண்டையும்கூட மறக்காமல் பெட்டிக்குள் போட்டான்.

கேள்விப்பட்டுக் காடே பார்க்க வந்தது. வந்தவர்கள் செய்த முதல் காரியம் மூடியைத் திறந்ததுதான். துக்கம் கேட்க வந்த முயல் திறந்தது. "பாவம், உள்ளே புழுங்குமே" என்று மான் திறந்துவைத்துவிட்டே போனது. நரி திறக்கவில்லை. "குஞ்சு எப்ப வெளியே வரும்? தேதி சொன்னா ஒரு எட்டு வந்து பார்க்க வசதியா இருக்கும்" என்று மட்டும் கேட்டது.

"ஊர் ஆஸ்பத்திரியில் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க" என்றான் காத்தமுத்து. 'பார்வையாளர் நேரம்: மாலை மட்டும்' என்று அன்றைக்கே பெட்டியில் ஒரு பலகை தொங்கியது.

மழை பிடித்தது. பல்பு அணைந்தது. அந்தக் காட்டில் கரண்ட் மின்மினிகளின் பொறுப்பு. வேலப்பன் அவர்கள் ஆபீசுக்கு ஓடி வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நத்தை.

"கொஞ்சம் வழி விடு தம்பி, பிள்ளைங்க உசிரு" என்றான்.

"எல்லாருக்கும் அவசரந்தாண்ணே. நான் போன மழைக்கு வந்து நின்னவன்."

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு மின்மினி, "பராமரிப்பு நடக்குது" என்றது.

"கரண்ட் எப்ப வரும்?"

"வந்தா தெரியும்."

திரும்பி ஓடினான். முட்டைகளை அலகால் தொட்டான். ஆறிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பெட்டிக்குள் இறங்கி, தலைக்கு மேல் மூடியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அடையில் உட்காருவது ஒரு வேலையே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். ஒரு முட்டையை மூடினால் இன்னொன்று வெளியே போனது. கால் மரத்தது. செள்ளுப்பூச்சி கடித்தது. முன்பெல்லாம் கூடைக்குப் பக்கத்தில் வந்து, "சும்மாதானே இருக்கே, வாயேன் கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று பொட்டுக்காரியைக் கூப்பிடுவான். அவள் சிலிர்த்துக்கொண்டு, "சும்மாவா? ஒரு பொழுது நீ உட்கார்ந்து பாரு" என்று சீறுவாள்.

"உட்கார்ந்துட்டேண்டி" என்று இருட்டுக்குள் சொல்லிக்கொண்டான்.

நாள்தான் போயிற்று, கரண்ட் வரவில்லை. மாலையில் மட்டும் இறங்கி, நாலு தானியம் பொறுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன்போல் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். எல்லாம் சரி. விடிந்தால் கூவாமல் இருக்க எந்தச் சேவலால் முடியும்? பெட்டிக்குள்ளிருந்து அமுங்கின குரலில் கொக்கரக்கோ வந்தது.

"அட, அலாரம்கூட வெச்சிருக்கான்!" என்றது மான்.

"கரண்டே இல்லியே, எப்படிக் கத்துது?" என்றது முயல்.

"உள்ளேயே பேட்டரி இருக்கு" என்றான் காத்தமுத்து. அவனுக்கே அது புதுச் செய்தி, காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம், பலகையில் போட்டிருந்த நேரத்தை மதிக்காமல் நரி வந்தது. மூடியை மெதுவாக நெம்பி மூக்கை நுழைத்தது. உள்ளேயிருந்து விழுந்தது ஒரு கொத்து. மூக்கில் ரத்தத்தோடு அது ஓடிய ஓட்டத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். திருடப் போனேன் என்றா சொல்லும்? "சூடு சரியா இருக்கான்னு பார்த்தேன். பெட்டி கடிக்குதுப்பா" என்றது.

"பாதுகாப்பு வசதி" என்றான் காத்தமுத்து. அன்றைக்கே பாதிக் காடு ஆளுக்கொரு பெட்டி சொல்லிவைத்தது.

ஒரு நாள் வேலப்பனின் வயிற்றுக்கடியில் 'கீச்' என்றது. அசையாமல் இருந்தான். இன்னொரு 'கீச்'. ஏழில் ஐந்து பொரித்தன. இருட்டில் பிறந்த குஞ்சுகளுக்குச் சூடு தெரியும், முகம் தெரியாது. மாலையில் காடே கூடி மூடியைத் திறந்து வெளியே விட்டதும், ஐந்தும் திரும்பிப் போய்ப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்றன.

பாராட்டு விழா வைத்தார்கள். யானை தலைமை. "தாயில்லாத குறையைத் தீர்த்த தங்கப் பெட்டி" என்று நெடுநேரம் பேசிவிட்டு, பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தியது. "வேலப்பனும் கூடமாட இருந்து ஒத்துழைத்தார்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டது.

வேலப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கூட்டத்தில் தள்ளி ஓரமாக அடைச்சேவல் வீட்டுப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டான்.

மற்றவர்கள் வாங்கிய பெட்டிகளில் ஒன்றும் பொரிக்கவில்லை. "முட்டை சரியில்லை" என்றான் காத்தமுத்து. "அந்தப் பெட்டிக்குத்தான் ராசி" என்றது காடு. மறுநாளே மயிலம்மை முட்டைகளோடு வந்து நின்றாள்.

"கொஞ்சம் வெச்சுக் குடுண்ணே. நான் உட்கார்ந்துட்டா எங்க வீட்டுக்காரர் ஆடுறதைப் பார்க்க ஆளில்ல. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாரு."

"இல்லம்மா, பெட்டி இப்பத்தான் ஓஞ்சிருக்கு…"

"உனக்கென்னண்ணே சிரமம்? பெட்டிதானே பார்த்துக்கப்போவுது?"

வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒவ்வொன்றும் கோழிமுட்டையைப்போல் ஒன்றரை மடங்கு. வேலப்பன் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடு இருந்தது.

இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

மறுநாள் விடியும்போது பொன்னாடைக்கு அடியிலிருந்து கொக்கரக்கோ கேட்டது. பெட்டியோரம் படுத்திருந்த குஞ்சுகள் கண் விழித்தன.

"அம்மா எழுந்தாச்சு" என்றது ஒரு குஞ்சு.

"இந்த அப்பாவைத்தான் காணோம்" என்றது இன்னொன்று. "விடிஞ்சதுகூடத் தெரியாம எங்கேயோ சும்மா படுத்துக் கிடக்குறாரு."

நீதி: நல்ல இயந்திரமாகப் பார்த்து வாங்குங்கள், உள்ளே உட்கார ஒருவர் இருந்தால் அது கரண்ட் இல்லாமலே ஓடும்.