பதினாலாம் இடம்

குளியலறை ஜன்னலுக்கு வெளியே டூயி பிரூயிட்டின் இடது கால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மீதி ஆள் உள்ளே மாட்டியிருந்தான்.

வாசல் கதவு இடிபட்டது.

"ஆறாவது இடமாம்ல! வெளிய வாய்யா, கணக்கு வாத்தி!"

"அவர் வீட்ல இல்ல!" என்று உள்ளிருந்தபடியே கத்தினாள் நொரீன். பிறகு புருஷனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "நானே பிடிச்சுக் குடுத்திருப்பேன். கட்டிக்கிட்ட பாவத்துக்குச் சும்மா இருக்கேன்."

முதுகில் கை வைத்து ஒரே தள்ளு. டூயி ரோஜாச் செடிமேல் விழுந்தான். எழுந்து பார்த்தால் எதிரே கல்லூரி டீன் ஹாலிஸ் டேட் காரோடு நிற்கிறார்.

"ஏறு. பேசணும்."

அலபாமாவில் ஒருவன் சர்ச்சுக்குப் போகாமல் இருக்கலாம், வரி கட்டாமல்கூட இருந்து பார்க்கலாம். சொந்த ஊர்க் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியை மட்டும் மட்டமாகச் சொல்லக் கூடாது. டூயி அதைத்தான் செய்திருந்தான். நாட்டிலுள்ள கல்லூரி அணிகளையெல்லாம் வரிசைப்படுத்த அவன் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தான். வெற்றிகளையும் எடுத்த பாயிண்டுகளையும் வைத்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அது பட்டியல் போடும். இந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத சொந்த ஊர் அணியான டால்மர் கோவேறு கழுதைகளுக்கு அது கொடுத்த இடம் ஆறு. முதலிடம், ஜென்ம விரோதிகளான வின்ஃபோர்டு கழுகுகளுக்கு.

"உன் வேலையை நிரந்தரம் பண்றதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு கமிட்டி அடுத்த வாரம் முடிவு பண்ணுது," என்றார் டீன். "அந்த கமிட்டியில பாதிப் பேர் இப்ப உன் வீட்டு வாசல்ல நிக்கறாங்க."

"அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?"

"ஆறை அழிச்சிட்டு ஒண்ணுன்னு போடு. ஒரே ஒரு தட்டு."

"கையால மாத்த மாட்டேன் சார். சூத்திரம் என்ன சொல்லுதோ அதுதான்."

"யோவ், நம்ம பசங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் நாப்பது பாயிண்ட் வித்தியாசத்துல நொறுக்கறானுங்க! அதுக்குன்னு ஒரு மரியாதை கிடையாதா?"

டூயி யோசித்தான். நியாயமான கேள்விதான். ஆட்டங்களை அவன் பார்ப்பதில்லை. பார்த்தால் பாசம் வரும், பாசம் வந்தால் கணக்கு கெடும் என்பது அவன் கொள்கை. முடிவுகளைத் துறை அலுவலகத்து ஒடெஸா அம்மா கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார். இவன் பொத்தானை அமுக்குவான், அவ்வளவுதான்.

"சரி. வித்தியாசத்துக்கும் மதிப்பெண் தரேன். ஆனா விதியை முதல்ல அறிவிப்பேன், விடையைப் பிறகுதான் பாப்பேன். அதுதான் நேர்மை."

திங்கட்கிழமை கல்லூரி மண்டபத்தில் அறிவித்தான். கூட்டம் கைதட்டியது. நேற்று கதவை இடித்தவன் எழுந்து நின்று விசிலடித்தான். எல்லார் முன்னாலும் டூயி பொத்தானை அமுக்கினான்.

திரையில் பட்டியல் வந்தது. கழுதைகள், ஒன்பதாம் இடம்.

விசில் பாதியில் நின்றது.

டூயி பின்வாசல் வழியாக ஓடினான். அன்று மதியம் முடிதிருத்துபவர் அவன் மீசையில் ஒரு பாதியை மட்டும் எடுத்துவிட்டுக் கடையைச் சாத்தினார். "மீதியை உன் சூத்திரத்தையே எடுக்கச் சொல்லு!"

சூத்திரத்தை வரி வரியாகப் பார்த்தான். ஒரு பிசகும் இல்லை. வித்தியாசத்துக்கு மதிப்பெண் கொடுத்தால், பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தவன் எப்படிக் கீழே போவான்?

"வெளியூர் போய் அடிக்கிறது எவ்வளவு கஷ்டம்! அதுக்குக் கூடுதலாக் குடேன்," என்றாள் நொரீன், கழுதைக் காது வைத்த தொப்பியைச் சரிசெய்தபடி. அவள் கண்ணில் ஈரம். டூயியால் தாங்க முடியவில்லை. அறிவித்தான். அமுக்கினான்.

கழுதைகள் அந்த சீசனில் பெரும்பாலும் உள்ளூரிலேயே ஆடியிருந்தார்கள் என்பதை அவளும் மறந்திருந்தாள்.

பதினாலாம் இடம்.

"இன்னையிலேர்ந்து நீ சோபாவுல," என்றாள் நொரீன்.

வெள்ளிக்கிழமை டீன் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிந்தார். நெஞ்சில் டூயியின் படம், அரை மீசையோடு. கீழே, 'நன்றி, புரொபசர்! இப்படிக்கு, முதலிடம்.'

"வின்ஃபோர்டுல இதான் இப்ப ஃபேஷன். நாளைக்கு நம்மளோட மோதற ஆட்டத்துக்கு இதைப் போட்டுக்கிட்டு ஊரே திரண்டு நம்ம மைதானத்துக்கு வருது. இப்பவாவது கையால மாத்துறியா?"

டூயி சட்டையைப் பார்த்தான். வேலை போகும், வீடு போகும், நொரீன் ஏற்கெனவே பாதி போய்விட்டாள். சட்டையை மடித்து டீனிடமே நீட்டினான்.

"மாட்டேன் சார்."

சனிக்கிழமை மைதானத்துக்கு வெளியே பன்றி விலா எலும்பு வாட்டும் புகை வானத்தை மறைத்தது. டூயி தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு நடந்தான். ஒரு தடித்த கை அவன் காலரைப் பிடித்தது. கழுதைகளின் கோச் பஃபோர்டு.

"உள்ள வா வாத்தியாரே."

வீரர்கள் உடைமாற்றும் அறை. நாலு சுவரிலும் ஆள் உயரத்துக்கு ஒரே எண்ணை எழுதி ஒட்டியிருந்தது. பதினாலு. குளியலறைக் கதவிலும் பதினாலு. தோள்கவசம் மாட்டிய ராட்சதர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பசங்களா, இவர்தான் அவர்," என்றார் கோச். "கேளுங்க."

கதவை விட அகலமாயிருந்த ஒருவன் எழுந்தான். "ஏன் சார் பதினாலு?"

டூயி தொப்பியைக் கழற்றினான். ஒரு பொய் சொன்னால் போதும், தப்பிக்கலாம். வாய் வரவில்லை.

"கணக்கு... அப்படித்தான் வருதுப்பா. இன்னொரு தடவை போட்டா இன்னும் கீழ போனாலும் போவீங்க."

எழுந்த உறுமலில் விளக்கு ஆடியது. அவர்கள் வெளியேறிய வேகத்தில் கதவும் கூடவே போனது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது வின்ஃபோர்டுக்கு நாம் செய்யும் மரியாதை. கழுகுகள் பந்தைக் கண்ணால் பார்த்ததே குறைவு. அகலக்காரன் ஒவ்வொருத்தனையும் சாய்க்கும்போது "இந்தா பதினாலு!" என்று கூவினான். கடைசி மணி அடித்தபோது டால்மர் ஐம்பத்தாறு, வின்ஃபோர்டு முட்டை.

கூட்டம் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. 'செத்தேன்' என்று டூயி கண்ணை மூடினான். திறந்தபோது உயரத்தில் இருந்தான். அகலக்காரனின் தோளில்.

"பதினாலு! பதினாலு!" என்று அரங்கமே அதிர்ந்தது. கதவை இடித்தவன் அழுதுகொண்டே அவன் காலைக் கட்டிக்கொண்டான். "அடுத்த வாரம் எங்களை இருபதுல போடு சாமி!" முடிதிருத்துபவர் மீதி மீசையை இலவசமாக எடுப்பதாகச் சத்தியம் செய்தார். நொரீன் எக்கி முத்தம் கொடுத்தாள். "சோபாவைத் தூக்கிப் போட்டுடலாம்!"

டீன் மூச்சு வாங்க ஓடிவந்தார். "நிரந்தரம்யா! கமிட்டிக்காரங்க கேலரியிலயே கையைத் தூக்கிட்டாங்க!"

ஊர் ஆடித் தீர்த்து அடங்கியபோது டூயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒடெஸா அம்மா வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"வேலை கிடைச்சும் முகம் ஏன் தம்பி இப்படி?"

"எல்லாம் சரிம்மா. ஆனா என் சூத்திரம் தோத்துடுச்சே. இப்படி ஆடற அணி எப்படிம்மா பதினாலாவது வரும்? எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

ஒடெஸா அம்மா ஒரு கடலையை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"உன் சூத்திரத்துல ஒரு தப்பும் இல்ல தம்பி. முதலிடம்னு தெரிஞ்சா பசங்க சோம்பேறி ஆயிடுவானுங்கன்னு என் கூடப்பொறந்த தம்பி பஃபோர்டு கெஞ்சினான், அதான் வாராவாரம் நம்ம ஸ்கோர்ல இருபது பாயிண்டை முழுங்கிட்டு உனக்கு டைப் அடிச்சுக் குடுத்தேன்!"