ஹார்ன் வைத்த பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜமாணிக்கத்தின் கைப்பேசி நான்காவது முறையாகச் சிணுங்கியது.

"ராஜா சார், இன்னிக்கு உங்க டர்ன். கவர் எங்கே?"

கேட்டவர் ஜெகநாதன். போர்ட் பிளேரில் கான்ட்ராக்டர். 'தீவு ராகங்கள்' வாட்ஸ்அப் குழுவின் அட்மின். ஒருவர் பாடி ஹிட்டான பாட்டை இன்னொருவர் வேறு மாதிரி பாடினால் அது கவர். வாரம் ஒருவர், யாரும் கேட்டிராத கவர் ஒன்றைப் போட வேண்டும் என்பது குழுவின் சட்டம். ராஜமாணிக்கம் இதுவரை போட்டதற்கெல்லாம் ஜெகநாதனிடமிருந்து வந்தது ஒரே பதில்தான்: "அரே, இது பழைய மால், அரதப்பழசான சரக்கு சார்!"

இந்தத் தடவை மானம் போகக்கூடாது என்று வாரம் முழுக்கத் தேடினார். வீடிருக்கும் பேம்பூஃப்ளாட்டிலிருந்து ஆபீசுக்காகச் சாத்தம் போகும் ஃபெர்ரிப் படகில் ஏறியதும் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்டார். அதற்கு வசதியாக ஃபெர்ரியும் தினமும் தாமதமாகத்தான் கிளம்பியது. ஆபீசில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம், பாட்டு அகப்படவில்லை.

வேறு வழியில்லாமல், வெள்ளிக்கிழமை திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததை எடுத்து அனுப்பினார்.

அன்று ஃபெர்ரி ஏறும் ஜெட்டி வரை போனவர், டிபன் பாக்ஸை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினார். வீடு ஜெட்டிக்கு எதிரேதான். சமையலறை ஜன்னலுக்குள் அவர் மனைவி அகிலா பாடிக்கொண்டிருந்தாள். கல்யாண வீடுகளில் எல்லோரும் குத்தாட்டம் போடும் பாட்டு. அதைத் தாலாட்டு மாதிரி இழுத்து, நின்று நின்று பாடினாள். ராஜமாணிக்கம் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று கேட்டார்.

கல்யாணமான புதிதில் அவள் பாடியபோது, "என்ன, மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டவர் சாட்சாத் அவர்தான். அன்றைக்கு மூடிய வாயை, அவர் படியிறங்கிய பிறகுதான் அவள் திறக்கிறாள் என்பது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தெரிந்தது. பப்பாளி மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பதிந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் ஜெட்டியில் 'பாம்' என்று ஹார்ன் அடித்தது. டிபன் பாக்ஸை மறுபடியும் மறந்துவிட்டு ஓடினார்.

அந்தப் பதிவைக் கேட்டதும் குழு அல்லோலகல்லோலப்பட்டது.

"வாஹ்! ஏக்தம் நயா! புத்தம் புதுசு!" என்று ஜெகநாதனே மெச்சினார். "முடிவுல ஒரு வாத்தியம் வருதே, கேரளாக் கொம்புதானே அது? என்ன கற்பனை! பாடினது யாரு சார்?"

மனைவி என்று சொல்லிவிடலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் அகிலாவின் காதுக்குப் போய்விடும். ஒளிந்திருந்து பதிவு செய்தது தெரிந்தால், அவர் வீட்டில் இல்லாதபோதுகூட இனி அவள் பாடமாட்டாள். அந்தக் குரல் அந்த வீட்டைவிட்டே போய்விடும். அது மட்டும் நடக்கக்கூடாது.

"மெயின்லேண்ட் பாடகி. பேரு ராஜகுமாரி" என்று தட்டினார்.

"நம்பர் அனுப்புங்க. பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டுடலாம்."

"பிளேன்ல ஏறமாட்டாங்க. பயம்."

"கப்பல் எதுக்கு இருக்கு? மெட்ராஸ்ல ஏத்திவிடச் சொல்லுங்க."

"கப்பல் ஒத்துக்காது. வாந்தி."

"நம்ம குரூப்லயே டாக்டர் இருக்கார். மாத்திரை எழுதித் தருவார். நம்பர் அனுப்புங்க சார்!"

ராஜமாணிக்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. விரல் தன் பாட்டுக்குத் தட்டிவிட்டது: "அவங்க போன மாசம் தவறிட்டாங்க."

அப்பாடா என்று காப்பியைக் கையில் எடுத்தார். குழுவில் கூப்பிய கைகளும் அழுத முகங்களும் வந்து குவிந்தன. கடைசியாக, தழுதழுத்த குரலில் ஜெகநாதன் பேசி அனுப்பினார்.

"இப்படிப்பட்ட கலைஞரை நாம சும்மா அனுப்பக்கூடாது. அடுத்த ஞாயிறு சாயங்காலம், சாத்தம் ஜெட்டி பக்கத்து ஹால்ல அஞ்சலிக் கூட்டம். எல்லாரும் குடும்பத்தோட வரணும்."

"அகிலாவுக்குக் காய்ச்சல்" என்று எழுதிப் பார்த்தார் ராஜமாணிக்கம். உடனே ஜெகநாதனின் மனைவி சுகுணா நலம் விசாரிக்க அகிலாவையே கூப்பிட்டுவிட்டாள்.

"எனக்கா? காய்ச்சலா? நான் கல்லு மாதிரி இருக்கேங்க!" என்றாள் அகிலா. "கண்டிப்பா வர்றேன்."

ராஜகுமாரிக்குப் போட்டோ கிடையாது. முகம் காட்டாமலே வாழ்ந்தவர் என்று ராஜமாணிக்கம் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிறன்று ஹாலில் வெறும் ஃபிரேமுக்கு மாலை போட்டு மேடையில் வைத்திருந்தார்கள்.

"பாட்டைக் கண்டுபிடிச்சவரோட சம்சாரம்தான் விளக்கேத்தணும். வாங்க மேடம்," என்றார் ஜெகநாதன்.

"வேண்டாம்!" என்று ராஜமாணிக்கம் அலறினார்.

"ஏன் சார்?"

"அது... காத்தடிக்குது."

ஃபேனை நிறுத்தினார்கள். அகிலா பயபக்தியோடு விளக்கை ஏற்றிக் கும்பிட்டாள். பெண்டாட்டி தன் அஞ்சலிக்குத் தானே விளக்கேற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்த புருஷன் அந்தமானில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மனசுக்குள் எல்லாத் தெய்வத்திடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் பாட்டு கிளம்பி ஜெட்டி வரைக்கும் போனது. ராஜமாணிக்கம் பயந்துகொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தார். அகிலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னமா பாடியிருக்கா பாவம்!" என்று அவர் காதில் கிசுகிசுத்தாள். "இதே பாட்டை நானும் முணுமுணுப்பேங்க. ஆனா என்னுது கரகரன்னு இருக்கும். நீங்ககூடச் சொல்லுவீங்களே, மிக்ஸின்னு."

தன் குரலை ஒலிபெருக்கியில் கேட்டால் அது யாருக்குத்தான் தெரிகிறது? தப்பித்துவிட்டார் ராஜமாணிக்கம். ஆனால் சந்தோஷம் வரவில்லை. வெட்கமும் பாசமும்தான் வந்தன. போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"அகிலா, அது வந்து..."

ஒலிபெருக்கியில் ஹார்ன் 'பாம்' என்றது. அதே நேரம் வாசலில் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். ஃபெர்ரியை ஓட்டும் சராங்கு நாகராஜ். மாலை போட்ட ஃபிரேமையும் விளக்கையும் பார்த்துத் திகைத்தார்.

"க்யா ஹுவா? யாரு செத்தது?"

"இந்தப் பாட்டைப் பாடினவங்க," என்றார் ஜெகநாதன், கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்தபடி.

"அரே, என்ன சார் பேசறீங்க! பாடற பாபி, நம்ம அண்ணி, இதோ நிக்கறாங்க!" என்று நாகராஜ் அகிலாவைக் காட்டினார். "முந்தாநேத்துகூடப் பாடினாங்களே! அவங்க பாட்டு முடிஞ்சாதான் நான் டெய்லி ஹார்ன் அடிச்சு ஃபெர்ரிய எடுக்கறது. ஃபெர்ரில இருக்கற அத்தனை பேரும் மூச்சு விடாம கேப்பாங்க, காதுல இயர்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கற நம்ம ராஜா சார் ஒருத்தரைத் தவிர!"